விரிப்பின் மூலையில் ஐந்து எழுத்து

சலவைக்கூடத்தில் துணி தொலைவதில்லை, இடம் மாறும். மருத்துவமனையின் விரிப்பு விடுதிக் கட்டிலில் கிடக்கும், விடுதியின் துண்டு பல் வைத்தியரின் நாற்காலியில் தொங்கும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு வாடிக்கைகளும் முறைத்துக்கொண்டு வேறு கூடத்துக்குப் போய்விடும். அதனால்தான் எங்கள் கூடத்தில் குறியிடும் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்று சொன்னாலும் அது ஒரு மேசைதான். தலைக்கு மேல் ஒரு விளக்கு, துவைத்தாலும் போகாத கறுப்பு மை, ஐந்து குழிகள் கொண்ட ஓர் இரும்புச் சட்டம். குழிகளில் கட்டைகளைச் செருகி, மையில் ஒற்றி, விரிப்பின் மூலையில் அழுத்த வேண்டும். அந்த மேசையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த பெண்மணியைப் பற்றி இதை எழுதுகிறேன். கூடத்தில் எல்லோரும் அவரை முத்திரையக்கா என்று அழைத்தார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட.

அனுப்பும் பிரிவில் கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதன் கீழ்ப்பாதி என்றோ உடைந்து, மாற்றப்படாமலே இருந்தது. அவர் பேசியதெல்லாம் எனக்குக் கேட்கும்.

தொடக்கத்தில் எழுத்துகள் கிடையாது, எண்கள்தான். பிரசவ மருத்துவமனைக்கு 16. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தங்கும் விடுதிக்கு 91. சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் முழுவதும் அப்படியே அழுத்தித் தள்ளிவிட்டார்கள். விடுதிக்கு வந்தவர்கள் மருத்துவமனை விரிப்பில் படுத்தார்கள், பிரசவத்துக்கு வந்தவர்கள் பூப்போட்ட விரிப்பில் படுத்தார்கள். மருத்துவமனையில் யாரும் குறை சொல்லவில்லை. விடுதியில்தான் ரகளை.

அந்தத் தவற்றைச் செய்தவரே முத்திரையக்காதான் என்று பிற்காலத்தில் சிலர் கதை கட்டினார்கள். சரியல்ல. அப்போது அவர் மடிப்பு மேசையில் இருந்தார். விடுதியிலிருந்து திரும்பி வந்த விரிப்பைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, என்ன நடந்தது என்று கண்டுபிடித்தவர் அவர்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "தலைகீழா இருந்தா தலைகீழ்னு தெரியணும். அப்படி எதைப் போடுறது?"

"எழுத்து போடலாம் முதலாளி. அலமாரியில இங்கிலீஷ் கட்டை ஒரு பெட்டி சும்மா கிடக்குதே."

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாவது. இங்கிலீஷ்ல ஃபெயில்."

"அப்ப நீதான் சரியான ஆளு. இங்கிலீஷ்ல பாஸ் பண்ணினவன் இந்த மைக்குள்ள கைய விடமாட்டான்."

மறுநாள் முதலாளி ஒரு சிறு புத்தகம் வாங்கி வந்தார். ஐந்து எழுத்துள்ள ஆங்கிலச் சொற்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கி, எதிரே தமிழில் ஒரு வரிப் பொருள் கொடுத்திருந்தார்கள். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்காக அச்சிட்டது. சட்டத்தில் ஐந்து குழி, புத்தகத்தில் ஐந்து எழுத்து. கணக்கு சரியாகப் பொருந்தியது. "வாடிக்கைக்கு ஒண்ணா ஏதாவது ஒரு வார்த்தையை எடுத்துக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் 'ஏதாவது' என்பதை மட்டும் முத்திரையக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புது வாடிக்கை வந்தால் முதல் மூட்டையைத் தானே அவிழ்ப்பார். எந்த மாதிரித் துணி, யார் படுத்தது, எங்கே கறை, எங்கே கிழிசல் என்று பார்ப்பார். பிறகு புத்தகத்தைத் திறப்பார். கண் மருத்துவமனைக்கு லைட். குழந்தைகள் மருத்துவமனைக்கு ஜீப்ரா. உடற்பயிற்சிக் கூடத்தின் துண்டுகளுக்கு ஸ்வெட், அதாவது வியர்வை. அதைக் கேட்டு முதலாளி பயந்தார். பயிற்சியாளருக்கோ மெத்தப் பிடித்துப்போனது. புற்றுநோய் மருத்துவமனை வாடிக்கையானபோது அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. 'பிரேவ்' என்று போடலாமே, தைரியசாலி என்று பொருள் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன்.

"படுக்க முடியாமப் படுத்திருக்கறவங்ககிட்ட, தைரியமா இருன்னு சொல்றதுக்கு நாம யாருண்ணே? ஆப்பிள் போடுறேன். பார்த்தா சும்மா ஒரு பழம்."

ஆப்பிள் என்றே போட்டார்.

முதலாளிக்கு அவர்மேல் மரியாதை வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. புதிதாக விடுதி கட்டிய ஒருவர் காரில் வந்து இறங்கி, நேரே குறியிடும் மேசைக்கு வந்தார்.

"என் துணிக்கெல்லாம் ராயல்னு போடும்மா. அஞ்செழுத்துதான். எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"அது குடுக்கறதில்ல சார்."

"வேற யாருக்காவது குடுத்துட்டியா?"

"யாருக்கும் குடுக்கறதில்ல. ராயல், கிராண்ட் இதையெல்லாம் கேக்கறவங்களுக்கே குடுத்துட்டா வார்த்தை கெட்டுப்போயிடும்."

"அப்ப எனக்கு என்னதான் குடுப்ப?"

அவர் நிதானமாகப் புத்தகத்தைப் புரட்டினார். "ஸ்பூன்."

"கரண்டியா?"

"ஆமா சார். ராயல் இல்லாம எத்தனையோ வீடு ஓடுது. கரண்டி இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க."

விடுதிக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். அந்த விடுதி எங்களிடம் இருந்த காலம் முழுவதும் ஸ்பூனாகவே இருந்தது.

முதியோர் இல்லம் ஒன்று வாடிக்கையாக வந்தது. ஊர்க்கோடியில், இருபது கட்டில்கள் மட்டும் கொண்ட சிறிய இடம். விரிப்புகள் எல்லாம் வெவ்வேறு நிறம், வெவ்வேறு வயது; ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து கொண்டுவந்தவை என்று பார்த்தாலே தெரியும். முத்திரையக்கா அவற்றுக்கு ஓனர் என்று போட்டார். "வீடு, வாசல் எல்லாத்தையும் ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வந்தவங்கண்ணே. படுக்கிற துணிக்காவது ஓனரா இருக்கட்டும்" என்றார்.

இப்படிச் சொல்வதால் அவர் உருகி உருகிப் பேசுகிறவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மை பூசிய கையோடு யாராவது விரிப்பைத் தொட்டால் அவர் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. சம்பள உயர்வு கேட்டு எல்லோரும் முதலாளி அறைக்குப் போன அன்று, அறைக்குள் முதலில் போனவரும் கடைசியில் வெளியே வந்தவரும் அவர்தான். கூடத்திலேயே யாரிடமும் கடன் வாங்காதவர், யாருக்கும் பயப்படாதவர். வீட்டில் மட்டும் அவருக்குச் சமமான ஓர் ஆள் இருந்தார், அவர் கணவர். குழாய் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேநீருக்குப் போனால் இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு மோதுவார்கள்.

"இவளுக்கு இங்கிலீஷ்ல மூணு, ஏழு, எட்டு மட்டும்தான் எண்ணத் தெரியும்ணே" என்பார் அவர். "ஒண்ணு, ரெண்டு எல்லாம் குழியை நிரப்பாதாம்."

"புருஷனுக்கு இங்கிலீஷ்ல ஏழு எழுத்துண்ணே. எந்தச் சட்டத்துலயும் அடங்க மாட்டாரு."

"பொண்டாட்டிக்கு நாலு. ஒரு குழி எப்பவும் காலியாக் கிடக்கும். அதுலதான் கோவத்தைப் போட்டு வெச்சிருக்கா."

முதலாளிக்கு வயதாயிற்று. அவர் பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வர விரும்பவில்லை. பல ஊர்களில் சலவைக்கூடம் நடத்திய ஒரு பெரிய நிறுவனம் எங்கள் கூடத்தை வாங்கியது. புது மேலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், யாரையும் ஒருமையில் பேச மாட்டார். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். அவரோடு புது இயந்திரமும் வந்தது. மையும் சட்டமும் போயின. கணினி ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு சொல்லைத் தானே தேர்ந்தெடுத்து, நாடாவில் அச்சடித்துச் சுருளாகத் தள்ளும். அந்த நாடாத் துண்டை விரிப்பின் மூலையில் வைத்து, சூடான தகட்டால் அழுத்தினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும் இடத்தில் ஒரு கேமரா அதைப் படித்து, துணியை அதற்குரிய தொட்டியில் தள்ளிவிடும். நாடா இல்லாத துணியை இயந்திரம் உள்ளே விடாது.

சொற்கள் ஐந்து எழுத்தாகவே தொடர்ந்தன. ஆட்கள் கூப்பிட்டுச் சொல்ல அதுதான் எளிது என்று நிறுவனத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஆனால் எங்கிருந்தோ ஒரு பட்டியலை அப்படியே எடுத்துக் கணினியில் போட்டிருந்தார்கள். நல்லது கெட்டது பிரிக்கவில்லை. முத்திரையக்காவுக்குச் சூட்டுத் தகட்டை அழுத்தும் வேலை கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு சுருளையும் முதலில் படிப்பார், தெரியாத சொல்லுக்குப் புத்தகத்தைப் பார்ப்பார், பிறகுதான் அழுத்துவார். மேலாளருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அக்கா, அது வெறும் அடையாளம். அர்த்தம் பார்க்கறதுக்கு இல்ல."

"அர்த்தம் வேண்டாம்னா எழுத்தைக் கண்டபடி கலைச்சுப் போட்டிருக்கலாமே சார்."

"வாயில வராதே."

"வாயில வர்றது காதுலயும் விழும் சார்."

முதல் சிக்கல் ஒரு பெரிய ஓட்டலால் வந்தது. கணினி அதற்கு டர்ட்டி என்ற சொல்லைக் கொடுத்துவிட்டது. இது அழுக்கு என்று பொருள் சொல்லும் சொல், வேண்டாம் என்று முத்திரையக்கா சொன்னார். மேலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சொன்னாயிற்று, இனி அவர்கள் பாடு என்று முத்திரையக்காவும் அழுத்தினார். இரண்டு நாளில் ஓட்டலில் தங்கிய யாரோ தலையணை உறையைப் படம் பிடித்து ஓட்டல்காரரிடமே காட்டியிருக்கிறார். ஓட்டல்காரர் தொலைபேசியில் கத்தியது எங்கள் கண்ணாடித் தடுப்பு வரை கேட்டது. அன்று பிற்பகலுக்குள் சொல் மாறிவிட்டது.

அடுத்து முதியோர் இல்லத்தின் சுருள் வந்தது. வேஸ்ட்.

இந்தச் சொல்லுக்கு யாருக்கும் புத்தகம் தேவைப்படவில்லை. உதவாக்கரை என்று ஒருவரைத் திட்ட வேண்டுமானால் வீட்டிலும் தெருவிலும் எடுக்கிற சொல் அது. எங்கள் கூடத்திலேயே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும். முத்திரையக்கா சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். கூடத்தின் நடுவிலேயே பேச்சு நடந்தது.

"சார், இதை மாத்துங்க."

மேலாளர் படித்தார். அவருக்கும் முகம் சுண்டித்தான் போனது. "யாரு படிக்கப்போறா அக்கா? அங்க பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது."

"மீதிப் பாதிக்குத் தெரியுமே."

"மூலையிலதானே இருக்கு. கால்மாட்டுல."

"விரிப்பு மாத்துற பொண்ணு படிப்பா. பார்க்க வர்ற பேரன் படிப்பான். 'தாத்தா, உன் மேல என்ன எழுதியிருக்கு பாரு'ன்னு அவன் சிரிச்சா, அந்த மனுசன் எங்க கொண்டுபோய் மூஞ்சியை வெச்சுக்குவாரு?"

"இல்லத்துலேருந்து யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவாங்க? இன்னும் நான் ஒட்டவே இல்லையே. ஒட்டினாலும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குக் கத்திப் பழக்கமில்ல. ஓட்டல்காரரு கத்தினாரு, சாயந்திரத்துக்குள்ள மாத்தினீங்க."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "அதுதான் அக்கா பிரச்சினை. ஒரு வார்த்தையை மாத்தினா தலைமை அலுவலகத்துக்குக் காரணம் எழுதணும். ஓட்டலுக்கு ஒண்ணு எழுதியாச்சு. உடனே இன்னொண்ணு எழுதினா, இந்தாளுக்குக் கூடம் நடத்தத் தெரியலன்னு நினைப்பாங்க. அதுவும் இருபது கட்டிலுக்காக."

"காரணத்தை நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"அக்கா, தயவு பண்ணி ஒட்டுங்க."

"மாட்டேன் சார்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் உருளை இஸ்திரி இயந்திரத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலாளர் மடிப்பு மேசையிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் தகட்டைத் தொட்டு, "கை எரியுது சார்" என்றாள். தகடு அப்போது சூடாகக்கூட இல்லை. இன்னொருத்தியைக் கூப்பிட்டார். அவளுக்குத் தலை சுற்றியது. மடிப்பு மேசையில் மூத்தவரான பெரியம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை; அவராகவே எழுந்து வந்தார்.

"சார், எனக்கு அடுத்த வருசம் ரிட்டயர்மென்ட். எங்க வீட்டுல மருமக ஏற்கெனவே வேஸ்டுன்னுதான் கூப்பிடுறா. எனக்குன்னு ஒரு துண்டு நாடா கிழிச்சுக் குடுங்க, நெத்தியில ஒட்டிக்கிட்டே வீட்டுக்குப் போறேன்."

கூடமே சிரித்தது. மேலாளரின் காது சிவந்தது. "யாரும் வேண்டாம், நானே ஒட்டுறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. நாடா கோணலாகப் போனது, விரலைச் சுட்டுக்கொண்டார். சிரிப்பு நின்றுபோனது. ஆறு விரிப்புகளுக்கு ஒட்டினார். ஏழாவதைக் கையில் எடுத்தபோது தொலைபேசி மணி அடித்தது. எழுந்து அறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

முத்திரையக்கா அந்த ஆறு விரிப்புகளையும் எடுத்துக்கொண்டு கிழிசல் தைக்கும் இயந்திரத்துக்குப் போனார். ஒட்டிய நாடாவை உரிக்க முடியாது. கத்தரியை எடுத்து, ஒவ்வொரு விரிப்பிலும் அந்த மூலையை வெட்டினார். வெட்டிய இடத்தை மடித்து, ஓரம் அடித்தார். ஆறையும் அப்படிச் செய்து அடுக்கிவிட்டு, வெட்டிய துண்டுகளை மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான்தான் வெட்டினேன் சார். வேற யாரையும் கேக்காதீங்க."

வாடிக்கையின் துணியை வெட்டுவது சலவைத் தொழிலில் கொலைக்குச் சமம். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்; விசாரணைக்குப் பிறகு முடிவு என்றார்கள். அவருக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள். விசாரணையில் வேலை போனால் ஓய்வுத் தொகையும் சேர்ந்து போய்விடும். கணவருக்கு முழங்கால் தேய்ந்து, குனிந்து குழாய் மாட்ட முடியாத நிலை. அந்தத் தொகையை நம்பித்தான் இருவரும் இருந்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொஞ்சம் இறங்கிப் போகச் சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

கணவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "அண்ணே, நீங்க சொல்ல வந்தது எனக்குத் தெரியும். நான் நேத்தே சொல்லிப் பார்த்துட்டேன். 'உங்களுக்கு முட்டி வலிக்குது, அதுக்காக அந்தக் கிழவங்களை நான் வேஸ்டுன்னு சொல்லணுமா'ங்கறா. முட்டிக்கு இதுல என்ன சம்பந்தம்னு என் முட்டிக்கே புரியல."

"உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லிடுங்க" என்றார் அவர், மடிப்பதை நிறுத்தாமல்.

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக நீ போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா, அப்புறம் இந்த வீட்டுல உன்கூட யாரு குடித்தனம் பண்றது? பேசாம இரு."

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான, அவசரப்படாத மனிதர். குறிப்பு எழுத என்னை உட்காரவைத்தார்கள். எனவே அங்கே யார் என்ன சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

"வாடிக்கையாளர் துணியை வெட்டினீங்களா?"

"வெட்டினேன் சார்."

"அது யாருடைய துணின்னு தெரிஞ்சுதான் வெட்டினீங்களா?"

"தெரிஞ்சுதான். அவங்க துணி, நம்ம துணி இல்ல. அதுல நாம எழுதக் கூடாததை எழுதிட்டோம். அதை எடுத்தேன். ரெண்டு விரல் அகலம் குறைஞ்சிருக்கும். இல்லத்து மேற்பார்வை அம்மாகிட்ட நானே நேர்ல போய் மூலையைக் காட்டிட்டு வந்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தையல் நல்லா இருக்குன்னாங்க."

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "இந்த வார்த்தையை நீங்க ஏன் மாத்தலை?"

"காரணம் எழுதணும் சார். ஏற்கெனவே ஒண்ணு அனுப்பியிருந்தேன், அதான்."

"எழுதினா என்ன?"

அதிகாரி மேசைமேல் கிடந்த ஆறு துண்டுகளில் ஒன்றை எடுத்துப் படித்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்கே எழுதுங்க."

அந்த இடத்திலேயே சொல் மாறியது. பட்டியலைத் திறந்து, மேலாளர் அவசரத்தில் டேபிள் என்று தேர்ந்தெடுத்தார். மேசை. பழைய சொல்லான ஓனரை இன்னொரு ஊரில் இன்னொரு வாடிக்கைக்குக் கணினி கொடுத்துவிட்டிருந்தது. முத்திரையக்காவிடம் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே, "நல்ல வார்த்தையும் இல்ல, கெட்ட வார்த்தையும் இல்ல. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அதிகாரி என் பக்கம் கையைக் காட்டி, இன்னும் எழுதச் சொன்னார்.

"வார்த்தை விஷயம் முடிஞ்சது. ஆனா நீங்க வேலையை நிறுத்தியிருக்கீங்க, மேலாளர் சொன்னதை எல்லார் முன்னாலயும் மறுத்திருக்கீங்க, துணியை வெட்டியிருக்கீங்க. இதை அப்படியே விட்டா நாளைக்கு ஆளுக்கு ஒரு கத்தரியோட வருவாங்க. உங்களை வேலையை விட்டு எடுக்க எனக்கு விருப்பமில்லை. கூடத்துல எல்லார் முன்னாலயும் ஒரு ஸாரி சொல்லிடுங்க. நாளைக்கே உங்க இடத்துல போய் உக்காரலாம்."

நான் பேனாவை நிறுத்தினேன். மேலாளர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இதைவிட மலிவாக யாரும் தப்பிக்க முடியாது என்று எனக்கும் பட்டது.

"அதுவும் அஞ்செழுத்துதான் சார்" என்றார் முத்திரையக்கா. "எங்க புத்தகத்துல இருக்கு. இத்தனை வருசத்துல எந்த வாடிக்கைக்கும் நான் அதைக் குடுத்ததில்ல. தப்புப் பண்ணினவங்கதான் அதை வெச்சுக்கணும். நான் பண்ணினது தப்பில்ல."

"சும்மா ஒரு வார்த்தைதானே அம்மா."

"வேஸ்டும் சும்மா ஒரு வார்த்தைதான்னு சொன்னாங்க சார்."

அதிகாரி கோப்பை மூடினார். "ஸாரி சொல்லலைன்னா நான் ஏதாவது செஞ்சுதான் ஆகணும்."

"செய்யுங்க சார். அது உங்க வேலை."

வேலையை விட்டு எடுக்கவில்லை. அழுக்கறைக்கு மாற்றினார்கள். வேலைக்கு வருகிற எவரும் முதலில் அங்கே போகவேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். எல்லா வாடிக்கைகளின் மூட்டைகளும் அவிழ்க்கப்படாமல் வந்து விழும் இடம். ரத்தம், வாந்தி, மருந்து, சில சமயம் அதைவிட மோசமானவை. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். சம்பளத்திலும் ஒரு படி இறக்கினார்கள். மாற்றல் ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டபோது, "எந்த மூட்டை யாருதுன்னு எனக்கு நாடா இல்லாமலே தெரியும்" என்று மட்டும் சொன்னார். உண்மைதான், முதல் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துப் பேர் வைத்தவர் அவர். அவர் அங்கே போனபிறகு அழுக்கறையில் துணி மாறுவது அனேகமாக நின்றுபோனது. இதை அவருடைய வெற்றி என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். கோடைக்காலத்தில் அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றவர் எவரும் அதை வெற்றி என்று சொல்ல மாட்டார்.

மேலாளருக்கு மனம் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது அழுக்கறை வாசலுக்கு வருவார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. ஒருமுறை நான் கணக்குச் சரிபார்க்க உள்ளே இருந்தேன்.

"அக்கா, இன்னும் ஒரு வருசம்தான் இருக்கு. எதுக்கு இந்த நாத்தத்துல கிடக்கணும்? எல்லார் முன்னாலயும் வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லுங்க, போதும். சொன்னாங்கன்னு நான் மேல எழுதிடறேன். நாளைக்கே பழைய இடம்."

முத்திரையக்கா ஒரு பெரிய மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரசவ மருத்துவமனை மூட்டை, ஈரத்தோடு கனத்துக் கிடந்தது. நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார்.

"சார், சும்மாதானே நிக்கறீங்க? அந்தத் தொட்டியில மாட்டியிருக்கிற பையோட வாயைக் கொஞ்சம் பிடிங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கணக்கைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, உள்ளே வந்து, இரண்டு கையாலும் பையின் வாயைப் பிடித்தார்.

"இப்படியா அக்கா?"

"இன்னும் அகலமா சார். விழும்போது மேல தெறிக்கும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

அவர் திருப்பிக்கொண்டார். முத்திரையக்கா மூட்டையைத் தூக்கிக் கவிழ்த்தார்.